பாட்டியின் தவலையை எடைக்குப் போடுவதற்கு முன்

கேள்வி: ஓவியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். பாட்டி காலத்துப் பித்தளைத் தவலை, சொம்பு, ஈயச்சொம்பு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. தினமும் புழங்கும் சாமான்களிலும், கோலம் போடுவது, விளக்கேற்றுவது, காப்பி ஆற்றுவது போன்ற வேலைகளிலும் அழகும் அர்த்தமும் இருக்கின்றன என்பது உண்மையா, வெறும் பழமை ஏக்கமா? கலை வழியாக அதைப் பார்ப்பது எப்படி?

பதில்:

உண்மைதான். ஏக்கமும் அதில் கலந்திருக்கும். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஏக்கம் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைச் சாக்காக வைத்துக்கொண்டு தன் சிறுவயதைப் பார்க்கிறது. தவலையின் விளிம்பு எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தவருக்கோ அந்த நசுங்கல்தான் முதல் செய்தி. அது எப்படி வந்தது, கிணற்றடிக் கல்லில் இடித்ததா, இடுப்பிலிருந்து நழுவி விழுந்ததா என்று மனம் கேட்கத் தொடங்கும்போது நீங்கள் ஏக்கத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

நான் ஓவியம் சொல்லித்தருகிறவன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாமானின் அழகு, அதைப் புழங்கிய கைகளின் உழைப்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. அந்த உழைப்பைக் கண்ணுக்குக் கொண்டுவரும் படம் நல்ல படம். உழைப்பைத் துடைத்துவிட்டுப் பளபளப்பை மட்டும் காட்டும் படம் காலண்டருக்குத்தான் ஆகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியின் எல்லா முனைகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் 1660-ஐ ஒட்டி வரைந்தது. அரை மீட்டர் உயரம்கூட இல்லை. ஒரு வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று மண் ஜாடியிலிருந்து மண் சட்டியில் பால் ஊற்றுகிறாள். மேசையில் ரொட்டித் துண்டுகள். அவ்வளவுதான் கதை. இணையத்தில் அதன் பெரிய படம் கிடைக்கிறது; தேடி எடுத்து, அவள் தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரை மட்டும் முதலில் பாருங்கள். வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. ஆணிக்கு நிழல் விழுகிறது. முன்பு ஆணி இருந்து பிடுங்கிய ஓட்டைகளும் தெரிகின்றன. சுவரின் கீழ்ப்பகுதி கறைபட்டிருக்கிறது. ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. இவற்றில் எதையும் வரையாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்தச் சுவர் முதலில் வெறுமையாக இருக்கவில்லை என்பது 2022-இல் மியூசியத்தின் ஆய்வாளர்கள் ஓவியத்தை ஊடுருவிப் படம் எடுத்துப் பார்த்தபோது தெரியவந்தது. தலைக்குப் பின்னால் ஜாடிகளைத் தொங்கவிடும் ஒரு மரச்சட்டத்தை வெர்மீர் தொடங்கியிருக்கிறார்; கீழே ஒரு கூடையும் இருந்திருக்கிறது. இரண்டையும் அவரே பின்னால் மூடி வரைந்துவிட்டார். சாமான்களைக் குறைத்தார், ஆணியை வைத்துக்கொண்டார். வீட்டுப் பொருளை வரைய நினைக்கும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பொருட்களைச் சேர்த்துக்கொண்டே போவதால் வீடு வந்துவிடாது. யாரோ ஒருவர் ஆணி அடித்தார், யாரோ பிடுங்கினார் என்ற தடயம் வந்தால் வீடு வந்துவிடும்.

அடுத்து அவளுடைய நீல ஏப்ரனைப் பாருங்கள். ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்த நீலம் அது. அக்காலத்து ஐரோப்பாவில் மிக விலை உயர்ந்த வண்ணங்களில் ஒன்று. தேவாலய ஓவியங்களில் மரியன்னையின் மேலாடைக்கு அதைப் பூசுவது வழக்கமாக இருந்தது. அந்த நீலத்தை எடுத்து ஒரு வேலைக்காரியின் இடுப்பில் கட்டிவிட்டார் வெர்மீர். அவளும் அழகிப்போட்டிக்கு வந்தவள் அல்ல. பருத்த தோள், புடைத்த முன்கை, சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட இடத்தில் வெயில் படாத வெளிர்த்தோல், அதற்குக் கீழே வேலையில் கன்றிய நிறம். பால் மெல்லிய நூலாக விழுகிறது. அவ்வளவு மெல்லியதாக ஊற்ற வேண்டுமானால் ஜாடியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், அடியில் இன்னொரு கை எங்கே தாங்க வேண்டும் என்பதை அவர் பலமுறை பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். அளவாக ஊற்றுவது ஒரு திறமை. நம் வீட்டில் தோசைக்கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி வட்டமாக இழுக்கும் கைக்கும் அந்தத் திறமை இருக்கிறது; நாம் தோசையை மட்டும் பார்க்கிறோம்.

இதெல்லாம் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்டதல்ல. பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஓவியங்களுக்குப் படிவரிசை வகுத்துவிட்டார்கள். புராணமும் வரலாறும் உச்சியில். பழம், பாத்திரம், செத்த மீன் எல்லாம் அடிமட்டத்தில். அந்த அடிமட்டத்தில்தான் ஓவியர் ஷார்தேன் பிறவி எடுத்தார் என்று சொல்லலாம். தச்சரின் மகன், 1699-இல் பாரிஸில் பிறந்து 1779-இல் அங்கேயே இறந்தவர். 1728-இல் அரச ஓவியக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டபோதும் விலங்குகளும் பழங்களும் வரைகிறவர் என்ற கணக்கில்தான் சேர்த்துக்கொண்டது. அவர் வரைந்த செம்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. மூன்று கால்களில் நிற்கும் குண்டுத் தொட்டி, கீழே ஒரு குழாய், பக்கத்தில் வாளி. வீடுகளுக்குக் குழாய் வராத காலத்தில் தண்ணீர் சுமப்பவர்கள் கொண்டுவந்து ஊற்றிய நீரைச் சேர்த்துவைக்கும் பாத்திரம். நம் ஊர் அண்டாவின் உறவினர். அதற்கு அவர் கொடுத்திருக்கும் கனத்தைப் பார்த்தால் ஒரு மன்னரின் உருவப்படத்துக்குக்கூட அவ்வளவு கனம் இல்லை என்று தோன்றும். அவர் 1761-இல் காட்சிக்கு வைத்த ஒரு கூடை ஸ்ட்ராபெரிப் பழம், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் உள்ள ஓவியம் 2022-இல் 2 கோடியே 40 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. பிரான்ஸ் அதை வெளியே விடாமல் தடுத்து, பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி, லூவ்ருக்கு வாங்கிக்கொண்டது. விலை ஒரு பொருட்டல்ல. அடிமட்டம் என்று ஒதுக்கிய பழக்கூடைக்காக ஒரு நாட்டு மக்கள் கையிலிருந்து காசு கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஐரோப்பாவையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஓவியம் என்பதால் அங்கே போக வேண்டியிருந்தது. சொல்லில் தீட்டியதைக் கணக்கில் எடுத்தால் நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரை விரலால் பிசைந்தாள்; அந்த விரலை உடுத்தியிருந்த துணியிலேயே துடைத்துக்கொண்டாள்; துணியை மாற்றாமலே சமைத்தாள்; தாளிக்கும் புகை கண்ணில் ஏறியது; அப்படித் தானே துழாவிச் செய்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டான்; அவள் முகம் மெல்ல மலர்ந்தது. ஆறே அடிகள்.

அந்தத் துணிக் கறையைக் கவனியுங்கள். பெண்ணைப் பாட வந்த புலவருக்கு நகையைப் பாடலாம், கூந்தலைப் பாடலாம். காந்தள் விரல், குவளைக் கண் என்று வழக்கமான அழகையும் அவர் வைத்திருக்கிறார். ஆனால் காந்தள் விரலில் தயிர் அப்பியிருக்கிறது, குவளைக் கண்ணில் புகை. வெர்மீரின் ஆணியைப் போலவே இந்தக் கறையும் வேலை நடந்ததற்குச் சாட்சி. மகள் நன்றாக வாழ்கிறாள் என்பதற்குத் தாய்க்குக் கிடைத்த ஆதாரமும் அதுதான். வீட்டு வேலையில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டீர்களே, நம் மொழியின் மிகப் பழைய தொகை நூல்களில் ஒன்று அதற்கு இப்படிப் பதில் சொல்லியிருக்கிறது. நீங்கள் அந்தப் பாட்டை வாங்கிப் படித்து மனப்பாடம் செய்துகொள்ளலாம்; வரைகிறவருக்கு அது ஒரு பயிற்சி ஏடு.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். அன்றாடச் சடங்கும் கலையும் பிரிக்கவே முடியாதபடி ஒன்றாகிவிட்ட இடம் அது.

கோலத்தை முடிந்த பிறகு நின்று பார்ப்பவர்கள்தான் அதிகம். வரைய விரும்புகிறவர் அதைப் போடும்போது பார்க்க வேண்டும். விடியும் முன்பே வாசலைப் பெருக்கி, சாணம் கரைத்தோ வெறும் தண்ணீரோ தெளிக்கிறார்கள். தரை மிகவும் ஈரமாக இருந்தால் மாவு கரைந்துவிடும். மிகவும் காய்ந்திருந்தால் ஒட்டாமல் காற்றில் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது வந்ததும் தொடங்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவைப் பிடித்து, கட்டைவிரலை லேசாக நகர்த்தினால் கோடு இறங்கும். கை தரையைத் தொடுவதில்லை. சற்று உயரத்திலிருந்து மாவு விழுகிறது. ஆகவே கோட்டின் கனம் விரலின் அழுத்தத்திலும் கை ஓடும் வேகத்திலும் இருக்கிறது. தயங்கினால் அந்த இடத்தில் மாவு குவிந்து காட்டிக்கொடுத்துவிடும். அழிப்பான் கிடையாது. உடல் இடுப்பில் மடிந்திருக்கிறது. கால்கள் போட்ட கோட்டை மிதிக்காமல் பின்னோக்கி நகர்கின்றன. தூரிகை பிடிக்கிற என் மாணவர்கள் பலருக்கு இந்தத் துணிச்சல் வர நாளாகிறது.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே சேரும். ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கு முடிய என்று ஒரு வரி சொன்னால் போதும். பழகியவர் மனத்தில் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு என 37 புள்ளிகள் அறுகோணமாக வந்து நின்றுவிடும். இதற்குள் ஒரு இலக்கணம் இருக்கிறது என்று கணிதம் படித்தவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில அடிப்படைத் துண்டுகளும் அவற்றை மாற்றி எழுதும் விதிகளும் கொடுத்தால் சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எப்படி வளரும் என்பதைக் கணினி அறிவியலின் மொழியில் காட்டினார்கள். அதன் பிறகு உலகில் பல இடங்களில் கோலத்தை வைத்து ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் புள்ளி வைத்துப் பழகிய நம் பெண்களின் கையில் அந்த விதிகள் ஏற்கெனவே இருந்தன.

கோலத்தின் அர்த்தம் என்ன என்று கேட்டால் மங்களம், லட்சுமி வருவாள், எறும்புக்கு உணவு என்று பதில்கள் வரும். எல்லாம் சரி. அரிசி மாவில் போட்டால் எறும்பும் அணிலும் வரத்தான் செய்கின்றன. கல்மாவில் போட்டால் வராது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கோலம் தெருவிடம் பேசுகிறது. இன்று வாசல் வெறுமையாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். துக்கம் நடந்த வீட்டில் கோலம் கிடையாது. மார்கழியில் அது தெருவையே அடைத்துக்கொள்ளும். நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ நிற்கும். ஓரத்தில் காவி இழுத்திருந்தால் வீட்டில் ஏதோ விசேஷம். மதியத்துக்குள் சைக்கிள் சக்கரமும் செருப்பும் அதை அழித்துவிடும். மறுநாள் வேறு கோலம். அழிவதைப் பற்றி அதைப் போடுகிறவர்கள் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. நாளைக்கு எதைப் போடலாம் என்ற யோசனைதான் அவர்களுக்கு.

ஸ்டிக்கர் கோலத்தை நான் பழிக்கமாட்டேன். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணிடம் போய் மரபு போயிற்றே என்று புலம்புவதற்கு எனக்கு உரிமை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் வாசல் கோலத்தைப் போடுவது சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண். எல்லார் வாசலிலும் போட்டுவிட்டுத் தன் வாசலுக்கு அவர் எப்போது போடுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கோலத்தை வரையப் போகிறீர்கள் என்றால் அவரையும் சேர்த்து வரையுங்கள்.

இங்கேதான் பழமை ஏக்கத்தோடு எனக்கு உண்மையான சண்டை. அம்மியும் ஆட்டுக்கல்லும் இன்று உணவகங்களின் முகப்பில் அலங்காரமாக நிற்கின்றன. ஆட்டுக்கல் குழியில் செடி வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறோம், அந்தக் காலத்துக் கைப்பக்குவம் என்கிறோம். பெரிய குடும்பத்துக்குத் தினமும் இட்லி மாவு ஆட்டிய பெண்ணின் தோளும் மணிக்கட்டும் என்ன பாடுபட்டன என்று அந்தப் படத்தில் ஒரு கோடுகூட இருக்காது. கிரைண்டர் வந்த நாளில் நம் வீட்டுப் பெண்கள் அழவில்லை. நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த நிம்மதியையும் மதிக்கிற கலைதான் அம்மியை வரையத் தகுதியுள்ள கலை. அதற்காக அம்மியில் அழகு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. குழவி ஓடி ஓடி நடுவில் குழிந்த கல்லைத் தடவிப் பாருங்கள். எந்தச் சிற்பியும் உளியால் அந்த வளைவைக் கொண்டுவர முடியாது. கொத்தி வைத்த சொரசொரப்பு தேய, மறுபடி கொத்த, மறுபடி தேய, பல பெண்களின் ஆயுள் சேர்ந்து செதுக்கிய வளைவு அது. அழகு, வலி இரண்டையும் ஒரே கல்லில் காட்ட முடியுமானால் காட்டுங்கள்.

இந்த விஷயத்தை மிகக் கூர்மையாகப் பிடித்தவர் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூக்கிலஸ். 1968-இல் குழந்தை பிறந்தது. அதன் பிறகு அவருடைய நாள் முழுவதும் துடைப்பது, துவைப்பது, ஊட்டுவது என்று போயிற்று. கலைக்கு நேரம் இல்லை. 1969-இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார்: நான் செய்யும் இந்தப் பராமரிப்பு வேலைகளையே இனி கலையாகச் செய்து காட்டுவேன் என்று. சொன்னபடி 1973-இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மியூசியத்தின் வாசற்படிகளை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவினார். மக்கள் நடந்து கறையாக்க, மறுபடி கழுவினார். அதே மியூசியத்தில் அவர் செய்த இன்னொன்று எனக்கு இன்னும் பிடிக்கும். எகிப்திய மம்மி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை வழக்கமாகத் துடைக்கும் தொழிலாளி முதலில் துடைத்தார். பிறகு யூக்கிலஸ் அதே போலத் துடைத்து, இது கலைப்படைப்பு என்று முத்திரை குத்தினார். அந்த நொடியிலிருந்து பெட்டியைத் தொடும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர்தான் தொட வேண்டும். அவரும் வந்து துடைத்தார். மூன்று பேரும் செய்தது ஒரே வேலை. ஒன்று கூலி வேலை, ஒன்று கலை, ஒன்று வல்லுநர் பணி. இப்படி மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது யார், ஏன் என்று அங்கே நின்ற எல்லாரையும் அவர் யோசிக்க வைத்தார். பின்னர் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் ஊதியம் இல்லாத கலைஞராகச் சேர்ந்து, 1979, 1980-ஆம் ஆண்டுகளில் 8,500 துப்புரவுப் பணியாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அந்தப் படைப்பில் வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை. அதைக் கலை என்று ஏற்கத் தயங்குகிறவர்கள் உண்டு. நான் தயங்கவில்லை.

சரி, தவலைக்கு வருவோம். நீங்கள் வரைகிறவர் என்பதால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அதைத் தேய்க்காதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் இத்தனை வருடம் சேர்ந்த நிறங்கள் போய்விடும். கழுத்து மடிப்பில் கறுப்பு, வயிற்றில் பழுப்பு, அடியில் லேசான பச்சை எல்லாம் படத்துக்கு வேண்டும். தேய்த்த பிறகு இன்னொரு முறை வரைந்துகொள்ளலாம். ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். மேலே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வாய் வட்டமாகத் தெரியாது, நீள்வட்டமாகத் தெரியும். கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு அந்த நீள்வட்டம் விரியும். ஆகவே அடிப்பாகத்தின் வளைவு வாயைவிட அதிகம். அடியை நேர்கோடாக இழுத்தால் தவலை தரையில் உட்காராது, மிதக்கும். பித்தளை மஞ்சள் என்று நினைத்து மஞ்சள் வண்ணத்தைத் தொடாதீர்கள். உற்றுப் பார்த்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் அறையின் பிம்பம்: வளைந்த ஜன்னல், தரையின் சிவப்பு, குனிந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் உருவம். அதை வரைந்தால் பித்தளை தானாக வந்துவிடும்.

பிறகு கழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். பெயர் வெட்டியிருக்கும். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்துகள். சீர் வந்த பாத்திரமானால் பெண்ணின் பெயரோ அவளுடைய அப்பாவின் பெயரோ, சிலவற்றில் கல்யாணத் தேதியும் இருக்கும். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பாத்திரங்கள் தெருவெல்லாம் இரவல் போய்வந்த காலத்தில் எது யாருடையது என்று தெரிவதற்காக வெட்டியது. பல பெண்களின் பெயர் கல்வெட்டிலும் இல்லை, பத்திரத்திலும் இல்லை. ஒரு சொம்பின் கழுத்தில் இருக்கிறது. எழுத்தின் வடிவத்திலேயே காலம் தெரியும்: ணை, லை போன்றவற்றுக்குப் பழைய கொம்பு போட்டிருந்தால் 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கை அது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மேலே தேய்த்தால் அந்தப் பெயர் அப்படியே படியும். எடைக்குப் போனால் முதலில் உருகுவது அதுதான். உங்களுக்கு மனம் வராததன் காரணம் அங்கே இருக்கலாம்.

உள்ளே எட்டிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு பூச்சு, பாதி தேய்ந்து இருக்கும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் பூசிய ஈயம். தெருவோரத்தில் குழி தோண்டிக் கரி மூட்டித் துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார் ஈயம் பூசுகிறவர். வெண்புகைக்குள்ளிருந்து பாத்திரம் வெள்ளி நிறமாக வெளியே வரும். அவர் கைவேலையும் உங்கள் படத்தில் சேர வேண்டியது.

சடங்குகளை வரைவதற்கு ஒரே வழி, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நாள்தோறும் உட்காருவது. இத்தாலியின் பொலோன்யாவில் ஜியோர்ஜியோ மொராண்டி சகோதரிகள் மூவரோடு வாழ்ந்த வீட்டில், படுக்கையும் போட்டிருந்த ஓர் அறையில், அதே சில புட்டிகளையும் கிண்ணங்களையும் பல பத்தாண்டுகள் வரைந்தார். தூசியைத் துடைக்கவில்லை. புட்டிகளை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்து, அடியில் விரித்த தாளில் அவை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுபடி வரைந்தார். காப்பி ஆற்றுவதை நீங்களும் அப்படி வரையலாம். டபராவுக்கும் தம்ளருக்கும் இடையே உள்ள அந்த நீண்ட கோட்டை விடுங்கள். எல்லாரும் அதைத்தான் வரைகிறார்கள். ஆற்றுகிறவரின் முழங்கை எங்கே நிற்கிறது, சூடு தாங்க விரல்கள் தம்ளரின் விளிம்பில் எப்படி ஏறிக்கொள்கின்றன, முதல் தம்ளர் யாருக்குப் போகிறது, ஆற்றியவர் எத்தனையாவதாகக் குடிக்கிறார் என்று பாருங்கள். வீட்டின் வரிசை முழுவதும் அதில் தெரிந்துவிடும். விளக்கு ஏற்றுவதானாலும் அப்படியே: சுடரைவிட, திரி திரிக்கும் விரல்களில் பார்க்க அதிகம் இருக்கிறது.

வரைந்து முடித்த பிறகு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டில் இடம் வேண்டும், உங்கள் வீட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஷோகேஸில் வைக்காதீர்கள். கொரியாவில் பெயர் தெரியாத குயவர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த ஒரு சாதாரணக் கிண்ணம் ஜப்பானுக்குப் போய், தேநீர்ச் சடங்குக்காரர்கள் கண்ணில் பட்டு, இன்று அந்த நாட்டின் தேசியப் பொக்கிஷமாகக் கியோட்டோவின் தைதோகு-ஜி மடத்து வளாகத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் அழகைக் கண்டுகொண்டவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அதில் இனி யாரும் சோறு போட்டுச் சாப்பிடப்போவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தவலையை வைத்துக்கொள்வதானால் ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடித்து உள்ளே புதிதாகப் பூசிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் புளி, தயிர், எலுமிச்சை எதையும் அதில் வைக்க வேண்டாம். வெந்நீர் போட வைத்துக்கொள்ளுங்கள். ஈயச்சொம்பு ரசத்துக்கு நல்லதுதான். ஆனால் வெள்ளீயத்தில் காரீயம் கலந்து செய்தவையும் உண்டு, அவை உடலுக்குக் கேடு. எங்கே வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். நல்ல சொம்பு என்று தெரிந்தாலும் ரசத்தை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வெறும் சொம்பு அடுப்பில் நிற்காது. எதை எடைக்குப் போட்டாலும் போடுவதற்கு முன் கழுத்தில் உள்ள பெயரைத் தாளில் எடுத்து, அது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதன் கீழே எழுதி வைத்துவிடுங்கள்.